புதுக் கார்ப்பெட் ஏன் கறுக்கிறது?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் ஹாலுக்கு மெஷின் கார்ப்பெட் வாங்கினோம். அதன்மேல் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஆனாலும் நடக்கும் தடம் கறுத்து, தொட்டால் பிசுபிசுக்கிறது. ஆளை வைத்து ஷாம்பூ போட்டோம். இரண்டே வாரத்தில் மறுபடி கறுத்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: உங்கள் வீட்டுச் சுத்தத்தில் குறையில்லை. மில்லில் இழை இயந்திரத்தில் உரசி அறுந்துவிடாமலிருக்க அதன்மேல் எண்ணெய் பூசுவார்கள். சாயத்தொட்டியில் கொதித்து அலசப்படும் நூலில் அது போய்விடும். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைக்கோ உருக்கும்போதே நிறம் கலந்துவிடுகிறார்கள். தண்ணீரே படாமல் கடைக்கு வருகிறது. தங்கிய எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. இதைப் பெரும்பாலும் லேபிளில் போடுவதில்லை. புகார் செய்தால், 'நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை' என்று உங்கள்மேலேயே பழி. கேட்கக் கேட்க ஆத்திரம் வருகிறது.

உங்கள் கார்ப்பெட் அந்த வகைதானா என்று பார்க்க, ஓரத்தில் ஒரு நூலைக் கத்தரித்து, சோப்புத் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழ் வெளியேற விரலால் நசுக்கிவிடுங்கள். மிதந்தால் அது பாலிபுரோப்பிலீன்.

முதலில் வாக்குவம் போடுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் (கை பொறுக்கும் சூடு) கால் டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் போதும். வெள்ளைத் துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றித் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறும். பிறகு வெறும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று முறை துடையுங்கள். இதுதான் முக்கியம்.

ஷாம்பூக்காரர்கள் விட்டுவிடுவது இந்த அலசலைத்தான். நுரை இழையிலேயே காய்ந்து, எண்ணெயைப் போலவே அழுக்கை இழுக்கும். 'கோட்டிங் அடித்தால் அழுக்கே ஒட்டாது' என்று அதற்கும் பணம் கேட்பார்கள். எண்ணெய்மேல் கோட்டிங் நிற்காது, கொடுக்காதீர்கள். தின்னர், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள். அடிப்பகுதியை ஒட்டியிருக்கும் லேடெக்ஸ் பசை இளகிவிடும். தீ அபாயம் வேறு.

துடைக்கும் முன் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். அடியில் கோணிபோல் பழுப்பாக இருந்தால் அது சணல். சணலில் ஈரம் இறங்கினால் காயும்போது அதன் பழுப்பு மேலேறி, இழை நுனியில் டீ சிந்தியதுபோல் கறை படியும். அப்படியானால் துணி கையில் ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டடிச் சதுரம் மட்டும், உடனே ஃபேனடியில் காயவிட வேண்டும். ஐப்பசி மழையில் வேண்டவே வேண்டாம். அடி வெள்ளைப் பிளாஸ்டிக் நெசவானால் இத்தனை பயமில்லை.

இரண்டு வாரத்தில் மீண்டும் கறுத்தால் சோப்பு சேர்க்காதீர்கள். வெறும் வெந்நீர்த் துணியால் மட்டும் துடையுங்கள்.