'காட்ஜோ டிலோ' படத்தில் சபீனா–ஸ்தெஃபான் காதலுக்கு உண்மையில் தடையாக நிற்பது எது?

டோனி கட்லிஃப் இயக்கி 1997-இல் வெளிவந்த இப்படத்தில், மறைந்த தந்தை விரும்பிக் கேட்ட பாடகியைத் தேடி ருமேனியாவுக்கு வரும் பாரிஸ் இளைஞன் ஸ்தெஃபானைத் திருட வந்தவனோ என்று ஐயுறுபவர்கள் ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்களே. தங்கள்மீது காலங்காலமாகச் சுமத்தப்பட்ட பழியை அவர்கள் வெளியாள்மீது திருப்புவது படத்தின் மிகக் கூர்மையான நகைச்சுவை என்பேன். ரோனா ஹார்ட்னர் நடித்த ரோமாப் பெண் சபீனாவும் அவனை எளிதில் ஏற்பதில்லை. ஆயினும் இந்த விலகல் பழக்கத்தாலும் இசையாலும் மெல்லக் கரைந்துவிடுகிறது. கரையாதது, அண்டையிலுள்ள ருமேனியர்களின் வெறுப்பு: மதுக்கடைத் தகராறில் ஒருவர் இறந்துபோக, அவர்கள் ரோமா குடியிருப்பையே கொளுத்துகிறார்கள். 1993-இல் ருமேனியாவின் ஹதரேனி கிராமத்தில் மூன்று ரோமா ஆண்கள் கொல்லப்பட்டு, அவர்களது சமூகத்தினரின் வீடுகளும் எரிக்கப்பட்டதை அறிந்தவர்கள் இக்காட்சியை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கமாட்டார்கள்.