க்ஸெனோஸ்: அந்நியனா, விருந்தாளியா?

ஹோமரின் கிரேக்கப் போர்க்காவியமான இலியத்தின் 6-ஆம் காண்டத்தில் வீரன் டியோமீடிஸ் தன் எதிரி கிளாக்கஸை ‘க்ஸெனோஸ்’ என்கிறான், அகராதியோ ‘அந்நியன்’ என்கிறது, பொருந்தவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். மொழிபெயர்க்கும்போது அங்கே ‘அந்நியன்’ போடாதீர்கள், காட்சியே கெட்டுவிடும். வெளியூரான், விருந்தாளி, விருந்தளிப்பவர் மூவருக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான்.

டியோமீடிஸின் தாத்தா ஓய்னியஸ், கிளாக்கஸின் தாத்தா பெல்லரபோனை 20 நாள் வீட்டில் வைத்து உபசரித்தவர். ஓய்னியஸ் இடைவார் கொடுத்தார், பெல்லரபோன் பொற்கிண்ணம் கொடுத்தார். அந்த உறவு பேரன்களுக்கும் தொடர்கிறது. அதனால்தான் டியோமீடிஸ் ஈட்டியை மண்ணில் குத்திவிட்டு அன்பாகப் பேசுகிறான், அப்புறம் இருவரும் கவசம் மாற்றிக்கொள்கிறார்கள்.

நானாக இருந்தால், ‘தாத்தா காலத்திலிருந்தே நீ எங்கள் வீட்டு விருந்தாளி’ என்று எழுதுவேன். பிற்கால ஏதென்ஸில் குடியுரிமை இல்லாதவரைச் சொல்லும் இடங்களில் ‘அந்நியன்’ சரி.