‘பர்மியேட்’ என்றால் வெறும் ‘பரவு’ இல்லை

‘பர்மியேட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் ‘பரவு’ என்று இருக்கிறது, அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு இல்லை.

புது மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை ஈரமாகும். பானையில் விரிசல் எதுவும் கிடையாது. மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்து தண்ணீர் மறுபக்கம் வந்திருக்கிறது. அதுதான் பர்மியேட். லத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, ‘மெயாரே’ என்றால் செல்வது. தோசைக்கல்லில் எண்ணெய் பரவுவது மேற்பரப்போடு நின்றுவிடும். அதற்கு ‘ஸ்ப்ரெட்’ போதும்.

சாம்பிராணி போட்ட வீட்டில் திரைச்சீலை, தலையணை உறை வரை வாசம் ஏறியிருக்கும் அல்லவா? ‘தி ஸ்மெல் பர்மியேட்டட் தி ஹவுஸ்’ என்று சொல்லலாம். இடையில் ‘த்ரூ’ கட்டாயமில்லை, போட்டாலும் தவறில்லை. அச்சமோ ஊழலோ ஓர் அமைப்பு முழுக்க ஊறிப்போனதைச் சொல்லவும் இதே சொல்தான்.

மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் ‘ஊடுருவு’ என்று போட்டுவிடாதீர்கள். செய்தித்தாள் படிப்பவர்களுக்கு அது எல்லை தாண்டி வரும் ஆட்களைத்தான் நினைவூட்டும். அதற்கு ‘இன்ஃபில்ட்ரேட்’ இருக்கிறது. நீருக்குக் ‘கசிந்து பரவு’, மணத்துக்கு ‘எங்கும் நிறை’, எண்ணத்துக்கு ‘ஊறிப்போ’ என்று இடம் பார்த்து எழுதினால் இயல்பாக இருக்கும்.

ஆர்.ஓ. இயந்திரத்தில் சவ்வைத் தாண்டி வரும் நல்ல தண்ணீருக்கும் ‘பர்மியேட்’ என்றே பெயர். அங்கே அது பெயர்ச்சொல்.