டிரெஸ்ஸர் ஐயா பதில்கள்

பினாங்கு அரசாங்கக் கிளினிக்குகளில் மருத்துவ உதவி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் எழுதுகிறார். இந்த இதழில் ஆண்கள் அனுப்பிய கடிதங்கள் மட்டும்.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர் பிரிவு ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகிறது. இந்த முறை "ஆண்களுக்காக" என்றே பேனர் அடித்தோம். வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வந்த சில ஆண்களும் மனைவி இழுத்துக்கொண்டு வந்தவர்கள். நம் ஆட்களைத் திருத்தவே முடியாதா, ஐயா?
- இளைஞர் பிரிவுச் செயலாளர், பாகான் டாலாம்

பதில்: தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் மேசை போட்டு ஆண்களைக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? பிறை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்தவர் அப்போதுதான் படுத்திருப்பார். லாரி ஓட்டுகிறவர் ஈப்போவைத் தாண்டியிருப்பார். பயம் உண்டு, ஆம்பளை ரோஷமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிளினிக்கில் நான் பார்த்தவரை, ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று வராமல் இருந்தவர்கள்தான் அதிகம். அவர்களைத் திருத்துகிற வேலை நமக்கு எதற்கு? மேசையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

எந்த இடம்? முடிவெட்டும் கடை. எப்பேர்ப்பட்ட அவசரக்காரனும் அங்கே மட்டும் தன் முறை வரும்வரை உட்கார்ந்திருப்பான்.

இது என் சொந்த யோசனை இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ரொனால்ட் விக்டர் என்ற இருதய மருத்துவரின் குழு, கறுப்பின ஆண்கள் போகும் 52 முடிவெட்டும் கடைகளில் ஓர் ஆய்வு நடத்தி 2018ல் வெளியிட்டது. பிரஷர் அதிகமுள்ள 319 வாடிக்கையாளர்கள் அதில் இருந்தார்கள். ஒரு பகுதிக் கடைகளில், "உப்பைக் குறையுங்க, டாக்டரைப் பாருங்க" என்று முடிவெட்டுகிறவர் எடுத்துச் சொன்னார். மற்றக் கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து பிரஷர் பார்த்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பேச்சு மட்டும் நடந்த கடைகளில் பிரஷரின் மேல் அளவு (140/90 என்றால் அந்த 140) சராசரியாக 9 புள்ளி இறங்கியிருந்தது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27! ரத்த அழுத்த ஆய்வுகளில் இவ்வளவு இறங்குவது அபூர்வம்.

நம் நாட்டில் மருந்தாளுநர் கடையில் உட்கார்ந்து மருந்து எழுத முடியாது. பரவாயில்லை, அளந்து பார்க்க யார் தடுக்கிறார்கள்? முடிவெட்டும் கடைக்காரர்களில் நம்மவர்கள்தான் எத்தனை பேர்! இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். மேல் கையில் பட்டை கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வந்தவர் ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும், பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும், அளக்கும்போது அரசியல் பேச வேண்டாம். சற்று முன்புதான் சிகரெட்டோ கோப்பியோ முடித்தவர் என்றால் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண்ணைச் சின்ன அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். "அண்ணே, உங்களுக்கு 160" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னால் அவர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார்.

140/90, அதற்கு மேல் இரண்டு மூன்று முறை வந்தால் கிளினிக்குக்கு அனுப்புங்கள். 180/110ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் மரத்துப்போதல் ஏதாவது இருந்தால் முடிவெட்டுவதை நிறுத்திவிட்டு அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள்.

அனுப்பினால் மட்டும் போதாது, கூட ஒருவர் போக வேண்டும். இங்கேதான் உங்கள் இளைஞர்கள் தேவை. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). 40 வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தவருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு, பதிவு செய்த தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கெசோவும் சந்தாதாரர்களுக்குப் பரிசோதனைத் திட்டம் வைத்திருக்கிறது. இதெல்லாம் இருப்பதே நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

இனிப்பு நீரையும் (நீரிழிவு) விட்டுவிடாதீர்கள். 2019ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். ஆகவே முகாம் முடிந்ததும் நெய்ச்சோறும் ரோஸ் சிரப்பும் கொடுக்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

உடல் எடை குறைக்க ஏதாவது செய்ய நினைத்தால் திடலுக்குப் போங்கள். ஸ்காட்லாந்தில் 13 தொழில்முறைக் கால்பந்துக் கிளப்புகள் தங்கள் அரங்கிலேயே தொப்பை விழுந்த ரசிகர்களுக்கு 12 வாரப் பயிற்சி நடத்தின. 35 முதல் 65 வயது வரையிலான 747 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வு 2014ல் வெளிவந்தது. ஓராண்டு கழித்தும், பயிற்சிக்குப் போனவர்கள் போகாதவர்களைவிடச் சராசரியாக 5 கிலோ அதிகம் குறைத்திருந்தார்கள். டயட் வகுப்பு என்று கூப்பிட்டிருந்தால் அத்தனை பேர் வந்திருப்பார்களா?

கேள்வி: வயது 47. ஒரு வருடமாகத் தாம்பத்தியத்தில் எனக்குச் சிக்கல். நண்பர் "ஆண்களுக்கான கோப்பி" என்று பாக்கெட் கொடுத்தார். நன்றாக வேலை செய்கிறது. தொடர்ந்து குடிக்கலாமா?
- பெயர் வேண்டாம், பிறை

பதில்: குடிக்காதீர்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் பலன் தெரிகிறது என்றால் அதில் கோப்பியும் மூலிகையும் மட்டும் இருக்க வாய்ப்பு குறைவு. இப்படிப்பட்ட கோப்பிகளில் விறைப்புக் குறைவுக்கு டாக்டர் எழுதித் தரும் சில்டெனாஃபில், டடலாஃபில் என்ற மருந்துகள் இருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்று பாக்கெட்டில் இருக்காது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பயன்படுத்துகிறவர் இதைக் குடித்தால் பிரஷர் சரிந்து உயிரே போகலாம். அந்த நண்பருக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இருதயத்தின் குழாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிய ஆரம்பித்தால் சின்னக் குழாய்தான் முதலில் சிரமப்படும். அதனால் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்பே இந்தச் சிக்கல் தலைகாட்டிவிடுகிறது. மன உளைச்சலாலும் வரலாம், வேறு மாத்திரைகளாலும் வரலாம். ஆனால் 47 வயதில் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை, கொழுப்பு, பிரஷர். புகைப்பதாக இருந்தால் அதுவும்.

வெட்கமாக இருக்கும், தெரியும். எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையிலான 1,290 ஆண்களைக் கேட்டதில் 52 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தச் சிக்கல் இருந்தது. கவுண்டரில் வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே போய் ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினாலும் போதும், நான் பணியில் இருந்தபோது அப்படி நீட்டியவர்கள் உண்டு. அப்புறம், மனைவியிடம் பேசிவிடுங்கள். காரணம் சொல்லாமல் விலகியிருந்தால் அவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்.

கேள்வி: நவம்பர் வந்தால் ஆபீஸில் ஆண்கள் நலத்துக்காக மீசை வளர்க்கச் சொல்கிறார்கள். எனக்குத்தான் இருபது வயதிலிருந்து மீசை இருக்கிறதே! 55 வயதில் புரோஸ்டேட் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்கிறார்கள். செய்யவா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: அந்த மீசை வளர்ப்பு, 2003ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 30 பேர் விளையாட்டாக ஆரம்பித்த 'மோவெம்பர்'. அடுத்த ஆண்டிலிருந்து புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்காக நிதி திரட்டினார்கள், பிறகு விரைப் புற்றுநோய், மனநலம் என்று விரிந்தது. விதிப்படி நவம்பர் முதல் தேதி மீசையை மழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வருவார்கள். நீங்கள் பணம் மட்டும் கொடுங்கள்.

அந்த ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் பி.எஸ்.ஏ. கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். 2009ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 20 விழுக்காடு குறைவு. ஆனால் ஒரு மரணத்தைத் தடுக்க 1,410 பேரைப் பரிசோதித்து, கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. அந்தச் சிகிச்சையால் சிலருக்குச் சிறுநீர் கசியும், சிலருக்கு முந்தைய கடிதக்காரரின் சிக்கல் வரும். நன்மை, பாதிப்பு இரண்டையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமாக இருந்தாலோ கதை வேறு. நவம்பர் வரை காத்திருக்காமல் நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.