புது கேம்பர் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் புதிதாக டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் கேம்பர்) வாங்கத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பவுண்டு, காலன், டாலர் என்று அங்கே புழங்கும் அளவுகளிலேயே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களிடம் டொயோட்டா ஹைலேண்டர் இருக்கிறது. 5,000 பவுண்டு வரை இழுக்கும். டீலர் காட்டிய டிரெய்லர் 4,200 பவுண்டுதான், தாராளமாகப் போகலாம் என்கிறார். நாங்கள் நான்கு பேர். நம்பலாமா?
– வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: நம்ப வேண்டாம். அந்த 4,200 காலி எடை. பேட்டரி, தண்ணீர், பாத்திரம், படுக்கை, டீலர் பொருத்தித் தரும் சாமான் எதுவும் அதில் சேராது. குடும்பத்தோடு கிளம்பும்போது 700, 800 பவுண்டு எளிதாக ஏறிவிடும். அப்போதே 5,000 வந்துவிட்டது.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. டிரெய்லரின் மூக்கு உங்கள் வண்டியின் கொக்கியில் அழுத்தும் எடையை டங் வெயிட் என்பார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், அது வண்டியையே கவிழ்க்கும் அளவுக்குப் போகலாம். 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5,000 பவுண்டுக்கு 650 பவுண்டு. ஆனால் 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவிகளில் கொக்கி தாங்கும் எடை பெரும்பாலும் 500தான். பின் பம்பருக்குக் கீழே குனிந்து பாருங்கள், கொக்கியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 500ஐ 0.13ஆல் வகுத்தால் சுமார் 3,850. உங்களுக்கு உண்மையான வரம்பு அதுதான், அதுவும் சாமான் ஏற்றிய பிறகு.

அடுத்து ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்த எண் 1,400 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 560, பின்னால் ஏற்றும் சாமான் 150, கொக்கிச் சாதனம் 60, டங் வெயிட் 500. கூட்டினால் 1,270. மிச்சம் 130 பவுண்டு. கூரையில் இரண்டு சைக்கிள் ஏற்றினால் அதிலும் பாதி போய்விடும்.

டிரெய்லரிலும் இதே மாதிரி மஞ்சள் ஸ்டிக்கர் உண்டு. அதில் ஏற்றக்கூடிய சாமானின் எடை எவ்வளவு என்று அதில் இருக்கும். டீலர் இரண்டாவது ஏசி, கூடுதல் பேட்டரி என்று சேர்க்கச் சேர்க்க இந்த எண் குறையும். விற்பதற்கு முன் 100 பவுண்டு அல்லது மொத்த எடைத் திறனில் 1.5 சதவீதம், இதில் எது குறைவோ அதைத் தாண்டி எடை கூடினால் ஸ்டிக்கரைத் திருத்த வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் விதி. கையெழுத்துக்கு முன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னா மினிவேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வரம்பு 3,500 பவுண்டு. சிறிய டியர்டிராப், மடக்கும் பாப்-அப் வகைகளோடு நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: ஆப்ஷன் பட்டியல் இரண்டு பக்கம் நீள்கிறது. எதைத் தொழிற்சாலையிலேயே கேட்டு வாங்க வேண்டும், எதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்? நாங்கள் தினமும் சமைப்பவர்கள்.
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போகிற எதையும் தொழிற்சாலையில் கேளுங்கள். வெளியிலிருந்து திருகாணி போட்டு மாட்டக்கூடியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான முடிவுகளை இந்த ஒரு கோடு தீர்த்துவிடும்.

முதலில் மின்சாரம். சிறிய டிரெய்லர்கள் 30 ஆம்ப் இணைப்போடு வரும். 120 வோல்ட், 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். கோடையில் ஏசி 13 ஆம்ப் வாங்கும், மைக்ரோவேவ் 13, வெந்நீர் ஹீட்டரின் மின்கம்பி 12. மூன்றும் சேர்ந்து ஓடினால் 38, பிரேக்கர் விழுந்துவிடும். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 15 ஆம்ப். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு கம்பிகள் வருவதால் 12,000 வாட் கிடைக்கும். 30 அடிக்கு மேல் நீளம், தெற்கு மாநிலங்களில் கோடைப் பயணம் என்றால் 50 ஆம்பும் இரண்டாவது ஏசியும் தொழிற்சாலையிலிருந்தே வரட்டும். பிறகு மாற்றுவதென்றால் கம்பி, பிரேக்கர் பெட்டி, இன்லெட் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். இப்போது பணம் போதாது என்றால் இரண்டாவது ஏசிக்கான வயரிங் மட்டுமாவது போட்டு வாங்குங்கள்.

சமைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது அடுப்புக்கு மேலே உள்ள ஹூட். பல மாடல்களில் அது புகையை வெளியேற்றாது. ஒரு மெல்லிய வலையில் வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும். கடுகு, மிளகாய் தாளித்தால் அந்த நெடி மெத்தையிலும் திரையிலும் பல நாள் தங்கும். கண்டுபிடிப்பது சுலபம்: ஹூட்டுக்கு நேர் வெளியே போய்ச் சுவரைப் பாருங்கள். மூடி போட்ட ஒரு சின்ன வென்ட் இருந்தால் காற்று வெளியே போகிறது என்று பொருள். பயணத்தில் மூடிக்கொள்ள அதில் தாழ்ப்பாள் இருக்கும், சமைக்கும் முன் திறந்துவிட வேண்டும். வென்ட் இல்லை என்றால் கூரை ஃபேனாவது நல்ல வேகத்தில் இழுப்பதாக, அடுப்புக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிரிட்ஜில் இரண்டு வகை. கேஸிலும் ஓடும் பழைய வகை குளிர்வதற்கே 8 முதல் 12 மணி நேரம் எடுக்கும், வண்டி சமமாக நிற்காவிட்டால் சரியாக வேலை செய்யாது. ஆனால் மின் இணைப்பு இல்லாத காட்டுப்பகுதியில் நாட்கணக்கில் ஓடும். 12 வோல்ட் கம்ப்ரெசர் வகை சீக்கிரம் குளிரும், இடமும் அதிகம். அது வெயில் நாளில் 60 முதல் 80 ஆம்ப்-மணி வரை குடிக்கும். டீலர் இலவசமாகத் தரும் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி 100 ஆம்ப்-மணி என்றாலும் பாதிதான் பயன்படுத்தலாம். ஆக, ஒரு நாள் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எடுத்தால் லித்தியம் பேட்டரிக்கும் சோலாருக்கும் பட்ஜெட் ஒதுக்குங்கள். 200 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 60 ஆம்ப்-மணி தரும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். குளிர்கால முகாம் என்றால் ஹீட்டர் உள்ள பேட்டரியாகக் கேளுங்கள்.

சோலார், லித்தியம், டிவி, மெத்தை, பின்புறக் கேமரா இவற்றை டீலரிடம் வாங்காதீர்கள். வெளியே மலிவு, தரமும் உங்கள் கையில். அடிப்பக்கம் மூடிச் சூடுபடுத்திய தொட்டிகள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இவை குளிர்ப் பிரதேசத்தாருக்குத் தொழிற்சாலையிலிருந்தே வேண்டும். டயர் மேம்பாடு பட்டியலில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். எஸ்டி205/75ஆர்14 அளவில் சி ரகம் ஒரு டயருக்கு 1,760 பவுண்டு தாங்கும், டி ரகம் 2,040. சாலையில் டயர் வெடித்தால் அடித்தளமும் குழாயும் சேர்ந்து கிழியும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

கேள்வி: ஸ்டிக்கர் விலை 48,000 டாலர். டீலர் 41,000க்குத் தருகிறேன், இன்றைக்கு மட்டும் என்கிறார். நல்ல விலையா?
– வாசகர், ஷார்லட், நார்த் கரோலினா

பதில்: 7,000 குறைத்ததாகத் தோன்றும். டிரெய்லர்களில் ஸ்டிக்கர் விலையிலேயே நிறையக் காற்று அடைத்திருக்கிறார்கள். கடும் தட்டுப்பாடு இல்லாத காலத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை குறைத்துக் கேட்பது வழக்கம். உங்கள் வண்டிக்கு அது 33,600 முதல் 36,000 வரை. இந்த எண்ணோடு பேச்சைத் தொடங்குங்கள்.

ஆனால் எதன் விலையைப் பேசுகிறீர்கள் என்பது முதலில் தெளிவாக வேண்டும். விலை ஒன்று, அதன் மேல் இந்தியானாவின் எல்கார்ட்டிலிருந்து கொண்டு வரும் ஃப்ரைட் ஒன்று (அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது), பிறகு ப்ரெப் (வண்டியைத் தயார்செய்யும் கட்டணம்), பரிசோதனைக் கட்டணம், டாக் ஃபீ (ஆவணக் கட்டணம்), பேட்டரி, கேஸ் நிரப்பல், 'ஸ்டார்ட்டர் கிட்' என்று ஒரு ஹோஸும் கழிவுக் குழாயும். 36,000 என்று கை குலுக்கிவிட்டு உட்கார்ந்தால் 39,500க்கு ரசீது வரும். ஆகவே ஒரே கேள்வி: வரி, பதிவு உட்பட எல்லாம் சேர்த்து வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு போக எத்தனை டாலர்? பதில் எழுத்தில், ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக வர வேண்டும். வரியும் பதிவும் அரசுக்குப் போவது. மற்ற எல்லாம் பேசக்கூடியவை. 'ப்ரெப் ஃபீ எல்லாருக்கும் உண்டு, எடுக்க முடியாது' என்றால் சரி, இருக்கட்டும். அதே தொகையை வண்டி விலையில் குறைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது கடைசி எண்தான்.

செய்ய வேண்டியது இது. மாடல் எண், ஆண்டு, ஆப்ஷன் பட்டியல் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி 300 மைல் சுற்றளவில் நான்கு டீலர்களுக்கு அனுப்புங்கள். பட்டியலில் 'கட்டாய பேக்கேஜ்' என்று இருப்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் அந்த வண்டி தொழிற்சாலையை விட்டே வராது. வருகிற விலைகளில் குறைந்ததை உங்கள் ஊர் டீலரிடம் காட்டுங்கள். அவர் நூறு, இருநூறு டாலர் வித்தியாசத்தில் வந்தால் அவரிடமே வாங்குங்கள். வாரண்டி வேலைக்கு அவரிடம்தான் போக வேண்டியிருக்கும், தன்னிடம் வாங்கியவர்களுக்குத்தான் அவர் முதலிடம் கொடுப்பார்.

காலமும் உதவும். டீலர்கள் நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளைக் கடனில்தான் வாங்கியிருக்கிறார்கள். நாள் ஆக ஆக வட்டியோடு அசலிலும் ஒரு பங்கை அவர்கள் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அடுத்த ஆண்டு மாடல் கோடையிலேயே வந்துவிடுவதால், அக்டோபர் முதல் ஜனவரி வரை பழைய மாடல் வண்டி ஒவ்வொன்றும் அவர்களுக்குச் சுமை. வண்டியின் தயாரிப்பு மாதம் அதன் மேல் தயாரிப்பாளர் ஒட்டிய சான்று ஸ்டிக்கரில் இருக்கும். பத்து மாதம் நின்ற வண்டி என்று தெரிந்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். டயர்களின் தயாரிப்புத் தேதியையும் கூரையின் இடுக்குகளை அடைக்கும் சீலண்டையும் மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். 'இன்றைக்கு மட்டும்' என்ற விலை அடுத்த வாரமும் கிடைக்கும்.

பழைய வண்டியைக் கொடுத்து வாங்குவதாக இருந்தால் புது வண்டி விலை எழுத்தில் வரும் வரை அதைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

கேள்வி: பென்சில்வேனியா ஹெர்ஷியில் நடக்கும் பெரிய ஆர்வி (தங்கிப் பயணிக்கும் வண்டி) கண்காட்சியில் வாங்கினால் மலிவா?
– வாசகர், பிட்ஸ்பர்க்

பதில்: செப்டம்பரில் நடக்கும் அதற்குக் கட்டாயம் போங்கள். நூற்றுக்கணக்கான வண்டிகளில் ஏறி இறங்கி, படுக்கையில் படுத்துப் பார்த்து, குளியலறையில் தலை இடிக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கேயே முன்பணம் கட்டுவதானால் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள், கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள்.

கேள்வி: டீலரின் நிதி அறையில் மாதத் தவணை எவ்வளவு முடியும் என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– வாசகி, ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: எதையும் சொல்லாதீர்கள். தவணைத் தொகையைச் சொன்னவுடன் காலத்தை நீட்டி, வட்டியை ஏற்றி அதே தொகைக்குள் எதையும் அடக்கிவிடுவார்கள். 35,000 டாலர், 15 ஆண்டு, 8 சதவீதம் என்றால் மாதம் சுமார் 334 டாலர். 9 சதவீதமானால் 355. மாதம் 21 டாலர்தானே என்று தோன்றும். 15 ஆண்டில் 3,700 டாலர் கூடுதல். வங்கி கொடுக்கும் வட்டிக்கு மேல் டீலர் சேர்க்கும் பங்கு இதில் ஒளிந்திருக்கலாம். உங்கள் கிரெடிட் யூனியனில் முன்கூட்டியே ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். டீலர் அதைவிடக் குறைத்துத் தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீட்டித்த வாரண்டி, துணிப் பாதுகாப்பு, டயர்-சக்கரத் திட்டம் எதற்கும் அன்றே ஒப்ப வேண்டாம். நீட்டித்த வாரண்டியைப் பின்னாலும் வாங்க முடியும், அதன் விலையும் பேரத்துக்கு உட்பட்டதே. முன்பணம் மிகக் குறைவாகக் கட்டுபவர்கள் கேப் காப்பீட்டை (வண்டி முற்றிலும் சேதமானால் அதன் மதிப்புக்கும் மீதிக் கடனுக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டுவது) மட்டும் யோசிக்கலாம். டிரெய்லரின் மதிப்பு முதல் ஆண்டிலேயே கடனைவிடக் கீழே போய்விடும்.

கேள்வி: டெலிவரி நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: மூன்று மணி நேரம் ஒதுக்கி, பகல் வெளிச்சத்தில் போங்கள். முதல் நாளே ஃபிரிட்ஜை ஓடவிடச் சொல்லி வையுங்கள். கையெழுத்தும் மீதிப் பணமும் எல்லாம் முடிந்த பிறகுதான்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். கேம்பரை உண்மையில் கொல்வது கசிவுதான். வெளிக் குழாயை இணைத்து உள்ளே எல்லாத் தண்ணீர்க் குழாயையும் திறந்து, சிங்க்கின் அடி, டாய்லெட்டின் பின்புறம், வெந்நீர் ஹீட்டரைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள். பிறகு தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போட்டு எல்லாக் குழாயையும் மூடுங்கள். யாரும் திறக்காமலே பம்ப் விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிகிறது. ஹீட்டரில் தண்ணீர் நிறையாமல் மின் சுவிட்சைப் போட்டால் கம்பி உடனே எரிந்துவிடும். அந்த சுவிட்சைக் கடைசியாகத் தொடுங்கள். ஏணி வைத்துக் கூரையில் வென்ட், ஏசி ஓரங்களில் சீலண்ட் பிளந்திருக்கிறதா பாருங்கள். பக்கச் சுவரை ஓரத்திலிருந்து வெளிச்சத்துக்கு நேராக நோக்கினால் உப்பல் தெரியும். அது இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், பழுது பார்த்துத் தருகிறோம் என்றாலும் கூட.

ஸ்லைடை (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதியை) இரண்டு முறை வெளியே விட்டு உள்ளே இழுங்கள். ஏசி, ஃபர்னஸ், அடுப்பு, எல்லா விளக்கும், பிரேக்கும் ஓட வேண்டும். குறை எதுவாக இருந்தாலும் 'அடுத்த வாரம் செய்து தருகிறோம்' என்ற வாய் வார்த்தை போதாது. பாகத்தின் பெயரும் தேதியும் போட்டு டீலர் கையெழுத்திட்ட தாள் வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு டார்க் ரெஞ்ச் (நட்டை அளவு பார்த்து இறுக்கும் கருவி) வாங்கி வண்டியில் வையுங்கள். புதுச் சக்கரங்களின் நட்டுகள் ஓட ஓட நெகிழும். 10, 25, 50 மைல்களில் நிறுத்தி, கையேட்டில் சொன்ன அளவுக்கு ஒவ்வொன்றாக மறுபடி இறுக்குங்கள்.