கப்பல் புறப்படும்போது: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 'ஒன் பீஸ்' பற்றி நான் எழுதிய அரைப் பக்கக் குறிப்புக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. தொடரை அறியாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. எய்ச்சிரோ ஓடா என்ற ஜப்பானியக் கலைஞர் 1997 ஜூலை முதல் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் வரைந்துவரும் சித்திரக்கதை இது. டோய் அனிமேஷன் நிறுவனம் 1999 அக்டோபர் முதல் இதைத் தொலைக்காட்சித் தொடராகத் தந்துகொண்டிருக்கிறது. ரப்பரைப் போல் உடல் நீளும் லூஃபி என்ற பையன், கடற்கொள்ளையர்களின் அரசன் ஆகியே தீருவேன் என்று தீவு தீவாகப் போகிறான். ஒரு தீவில் தொடங்கி முடியும் கதையை ரசிகர்கள் 'ஆர்க்' என்கிறார்கள். காண்டம் என்று நமக்கு நல்ல சொல் இருப்பதால் நான் அதையே எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு மரீன்ஃபோர்ட்தான் முதலிடம். என் அறை நண்பன் வானோ என்கிறான். ஆறு மாதமாக இதே வாக்குவாதம். எதை வைத்து ஒரு ஆர்க் சிறந்தது என்று முடிவு செய்வது?
(கல்லூரி மாணவர், மதுரை)

சண்டை எவ்வளவு பெரியது, எதிரி எவ்வளவு பலசாலி என்று பார்த்தால் கடைசியாக வந்த காண்டமே எப்போதும் வெல்லும். நான் பார்ப்பது ஒன்றைத்தான். தீவை விட்டுக் கப்பல் புறப்படும்போது, அதற்கு முன் வாயில் வராத ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்க வேண்டும்.

வாட்டர் செவன், எனீஸ் லாபி இரண்டையும் ஒரே காண்டமாகவே கொள்கிறேன். என் பட்டியலில் முதலிடம் அதற்கு. 278ஆவது எபிசோடை மறுபடியும் போட்டுப் பாருங்கள். நீதிமன்றக் கட்டடத்தின் கூரையில் லூஃபியும் நண்பர்களும் வரிசையாக நிற்கிறார்கள். எதிரே கோபுரத்தில், எதிரிகளின் பிடியில், அவர்கள் குழுவைச் சேர்ந்த ராபின். நடுவில் அடி தெரியாத பள்ளம், பாலம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. எட்டு வயதில் தன் ஊரான ஓஹாரா முழுவதும் அழிவதைக் கண்டவள் அவள். இருபது ஆண்டுகளாகத் துரத்தப்பட்டவள். தன்னைச் சேர்த்துக்கொண்டவர்கள் என்றாவது ஒருநாள் தன்னைச் சுமையாக நினைப்பார்கள் என்று அஞ்சி, அதற்கு முன்பே செத்துப்போக நினைக்கிறாள். லூஃபி அவளுக்கு ஆறுதல் சொல்வதில்லை. எதிரே பறக்கும் உலக அரசின் கொடியைச் சுடச் சொல்கிறான். கொடி எரிகிறது. உலகத்தையே பகைத்துக்கொள்ளப் போகிறாயா என்று எதிரி அலறுகிறான். அதற்குப் பிறகே லூஃபி ராபினிடம் கேட்கிறான்: வாழ வேண்டும் என்று உன் வாயால் சொல்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொலைக்காட்சி நெடுந்தொடர்களுக்குப் படத்தொகுப்பு செய்கிறவள். இதே காட்சி என் மேசைக்கு வந்திருந்தால், கொடி எரிவதை அவள் அழுகைக்குப் பிறகு வைக்கச் சொல்லியிருப்பார்கள், வெற்றி முழக்கமாக. ஓடா அதை முன்னால் வைத்தார். இனித் திரும்பிப் போக வழியில்லை என்று நண்பர்கள் காட்டிவிட்டார்கள், சுமையாகிவிடுவேனோ என்ற அவளுடைய கேள்விக்கு இடமே இல்லாமல் போயிற்று. அதனால்தான் 'நான் வாழ வேண்டும்' என்று அவள் கதறும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கொடியைச் சுட்டவன் உசோப். கப்பல் விஷயத்தில் லூஃபியோடு மோதி, குழுவை விட்டு விலகி, முகமூடிக்குள் ஒளிந்துகொண்டு வந்தவன். ராபின் சொல்ல வேண்டியது 'வாழ வேண்டும்' என்றால், அவன் சொல்ல வேண்டியது 'மன்னித்துவிடு'. அது காண்டத்தின் கடைசியில்தான் வருகிறது. பீரங்கிக் குண்டுகள் விழும் நேரத்தில், புறப்பட்டுவிட்ட கப்பலைப் பார்த்துக் கரையிலிருந்து கத்துகிறான். அதுவரை அவன் குரலே காதில் விழாதது போல் கப்பலில் இருப்பவர்கள் வேலை பார்க்கிறார்கள். அந்த வார்த்தை வந்த நொடியில் லூஃபியின் கை நீள்கிறது.

மரீன்ஃபோர்டுக்கு வருகிறேன். என் அளவுகோலில் அதுவும் உயரத்தில்தான் நிற்கிறது, ஆனால் போரினால் அல்ல. தான் பிறந்திருக்கலாமா என்று சிறுவயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த ஏஸ், சாகும்போது தன்னை நேசித்தவர்களுக்கு நன்றி சொல்கிறான். அண்ணனை இழந்த லூஃபி அதற்குப் பின் காட்டில் தன்னையே அடித்துக்கொண்டு கிடக்கிறான். உனக்கு மிச்சமிருப்பது என்ன என்று உடனிருக்கும் ஜின்பே கேட்க, விரல் விட்டு எண்ணிப் பார்த்து, 'நண்பர்கள் இருக்கிறார்கள்' என்கிறான். போர் முடிந்ததும் நிறுத்திவிட்டு, மரீன்ஃபோர்டைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். அந்த விரல்கள்தான் அதன் கடைசிக் காட்சி.

டிரஸ்ரோசாவில் நின்றுவிட்டேன். ஒரு எபிசோடுக்கு ஒரு அடிகூடக் கதை நகரவில்லை. குறை கதையிலா, என் பொறுமையிலா?
(வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

உங்கள் பொறுமைமேல் பழி போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்: சித்திரக்கதையில் டிரஸ்ரோசா 700 முதல் 801 வரை, 102 அத்தியாயங்கள். தொலைக்காட்சியில் 629 முதல் 746 வரை, 118 எபிசோடுகள். ஒரு அத்தியாயத்தில் ஏறக்குறைய பதினேழு பக்கம், ஐந்தாறு நிமிடத்தில் படித்துவிடலாம். அதைவிடக் குறைவான கதையை வைத்துக்கொண்டு அரை மணி நேர ஒளிபரப்பை நிரப்ப வேண்டியிருந்தது. வாரா வாரம் ஓடா வரைந்தார், வாரா வாரம் டோய் ஒளிபரப்பியது. மூலத்தை முந்திவிடக் கூடாது. வேறு தொடர்கள் நடுவே சொந்தக் கதைகளைச் செருகி நேரம் வாங்கின. ஒன் பீஸும் ஒருகாலத்தில் அப்படிச் செய்தது. பிற்காலத்தில் அது தேர்ந்தெடுத்த வழி, நடையை மெதுவாக்குவது. நீளமான தொடக்கப் பாடல், நீளமான முன்கதைச் சுருக்கம், ஒரு குத்து விழுந்தால் ஏழு முகங்களின் அதிர்ச்சி. அந்த ஏழு முகங்களை என் கையாலும் எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறேன். அது எதற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் காண்டத்தைக் கைவிடாதீர்கள். சித்திரக்கதையாகப் படியுங்கள். டிரஸ்ரோசாவைத் தூக்கி நிறுத்தியிருப்பது லா என்பவனின் சிறுவயதுக் கதை ஒன்றுதான் என்றாலும், அந்த ஒன்று போதும். கோரசோன் என்பவனுக்கு ஓசையை அடக்கும் சக்தி. நோயுற்ற சிறுவன் லாவைப் பெட்டிக்குள் ஒளித்து, அவன் எழுப்பும் எந்தச் சத்தமும் வெளியே கேட்காதபடி செய்துவிட்டு, அதே பெட்டியில் சாய்ந்தபடி பனியில் குண்டடிபட்டுக் கிடக்கிறான். உள்ளே பையன் அழுகிறான், ஒலியே இல்லை. தான் இறந்தால் அந்த மௌனமும் கலைந்துவிடும் என்பதால் கோரசோன் உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒலி வேலை தெரிந்தவர்கள் அந்தக் காட்சியை எழுந்து நின்று பார்க்க வேண்டும்.

கதை வேறு, ஓட்டம் வேறு என்பதற்கு டோய் நிறுவனமே சாட்சி. மீன்மனிதர் தீவுக் காண்டம் முதலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளாக வந்தது. 2024 நவம்பரில் அதை மறுபடியும் வெட்டித் தொகுத்து 21 எபிசோடுகளாகத் தந்தார்கள். அலுப்புக் காண்டம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது அது. அரசி ஓடோஹிமே மக்களிடம் கையெழுத்துக் கேட்பது அந்தப் புதிய தொகுப்பில்தான் எனக்கு உறைத்தது. 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடுகள்தான் என்றும் அறிவித்திருக்கிறார்கள். ஐம்பது வாரமும் மூச்சிரைக்க ஓடியவர்களுக்கு இந்த நிம்மதி பத்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

ஸ்கைபியாவைத் தாண்டிப் போய்விடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?
(ஆய்வு மாணவி, நாகர்கோவில்)

போகாதீர்கள். வான்தீவு மட்டும் பார்த்தவர்கள் சொல்வது அது. அதற்கு முன்னால் வரும் ஜாயாவிலிருந்து பாருங்கள். பொன் நகரம் இருக்கிறது என்று சொன்ன நோலாண்ட், அரசனை அழைத்துவந்து காட்டும்போது நகரம் அங்கே இல்லை. பொய்யன் என்று கொல்லப்படுகிறான். நானூறு ஆண்டுகளாக அவன் பெயர் குழந்தைகளுக்கு ஒரு பொய்க்காரனின் கதை. அவன் வம்சத்தில் வந்த கிரிக்கெட் என்ற முதியவர், உண்மை என்னவென்று அறியக் கடலில் மூழ்கி மூழ்கி உடலைக் கெடுத்துக்கொள்கிறார். நகரத்தை நீரூற்று ஒன்று வானத்துக்கே தூக்கியெறிந்துவிட்டது. மேலே, நோலாண்டின் நண்பன் கால்காரா சாகும்வரை மீட்கப் போராடியது ஒரு மணியை. அதை அடித்தால் நண்பனுக்குக் கேட்கும், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று.

என் அளவுகோலுக்கு இங்கே ஒரு விதிவிலக்கு. சொல்ல வேண்டிய வார்த்தையை இந்தக் காண்டத்தில் மனிதர் யாரும் சொல்வதில்லை, மணி சொல்கிறது. லூஃபி எதிரியையே அதன்மேல் மோதவிட்டு அடிக்கும் ஒலி, கீழே கடலில் நிற்கும் கிரிக்கெட்டின் காதில் விழுகிறது. சண்டைக்குக் காரணம் புதையல் இல்லை, ஒரு கிழவருக்குச் சேதி சொல்வது. இத்தனை சாகசத் தொடர்கள் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு காரணத்துக்காக உச்சக்கட்டம் அமைத்த காண்டம் எனக்கு வேறு தெரியாது.

சித்திரக்கதையில் இல்லாத எபிசோடுகளை எல்லாம் விட்டுவிடலாமா?
(வாசகர், சேலம்)

பெரும்பாலும் விட்டுவிடலாம். 196 முதல் 206 வரை வரும் ஜி-8 மட்டும் பார்த்தே ஆக வேண்டும். வானத்திலிருந்து விழும் கப்பல் நேராகக் கடற்படைக் கோட்டைக்குள் சிக்கிக்கொள்கிறது. மீன்பிடிப்பதில் பிரியமுள்ள தளபதி ஜோனதன், சத்தமே போடாமல் வலையைச் சுருக்குகிறான். நம் ஆட்கள் ஆளுக்கொரு வேடத்தில் கோட்டைக்குள் நடமாடுகிறார்கள். குழுவின் சமையல்காரன் சான்ஜி எங்கே போவான்? நேராகச் சமையலறைக்கு.

வானோவைப் பற்றிப் போன இதழில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வருத்தமாக இருந்தது.
(மென்பொருள் பணியாளர், பெங்களூரு)

நியாயம். படமாக்கத்தில் வானோவுக்கு இணையில்லை. மெகுமி இஷிதானி இயக்கிய 1015ஆவது எபிசோடை என்னிடம் வேலை கற்றுக்கொள்பவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஓடென் என்ற பிரபுவின் கதையும் மகத்தானது. தலைநகரில் அரை நிர்வாணமாக ஆடி ஐந்து ஆண்டுகள் மக்களின் சிரிப்புக்கு ஆளானவன், ஏன் ஆடினான் என்று தெரியும்போது கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் நிற்கிறான். தலைக்குமேல் ஒரு பலகை, பலகையில் அவனுடைய ஆட்கள், ஒரு மணி நேரம். அந்தச் சில எபிசோடுகள் தனிக் காண்டமாக இருந்திருந்தால் எனீஸ் லாபிக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

ஆனால் அது ஓடெனின் கதை. லூஃபியின் கப்பலில் வந்தவர்களில், வானோவை விட்டுக் கிளம்பும்போது புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர் யார்? நான் இரண்டு முறை பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஹோல் கேக் தீவில் சான்ஜிக்குக் கிடைத்தது. தன்னை அடித்துத் துரத்தியவனுக்காகப் பசியோடு அதே இடத்தில் காத்திருக்கும் லூஃபிக்கு உணவு எடுத்துவந்து கொடுத்துவிட்டு, கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று அழுகிறான். மழையில் ஊறிச் சிதைந்த அந்தச் சாப்பாட்டை லூஃபி ருசித்துச் சாப்பிடுகிறான். வானோவின் இருநூறுக்கு நெருக்கமான எபிசோடுகளில் அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக்கு நிகரான ஒன்றை நீங்கள் கண்டிருந்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

எனக்கு வயது 68. பேரன் எப்போதும் இந்தத் தொடரைப் பற்றியே பேசுகிறான். ஆயிரத்துக்கு மேல் எபிசோடுகள் என்கிறார்கள், என்னால் ஆகாது. அவனோடு பேசுவதற்கு எது ஒன்றைப் பார்த்தால் போதும், அம்மா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், ஐயா. அர்லாங் பார்க் பாருங்கள். 31 முதல் 44 வரை பதினான்கு எபிசோடுகள், நாளைக்கு இரண்டு என்றால் ஒரு வாரம். வளர்ப்புத் தாயைக் கொன்றவனிடமே எட்டு ஆண்டுகள் வேலை செய்து, தன் ஊரை விலைக்கு வாங்கப் பத்துக் கோடி சேர்க்கும் நாமி என்ற பெண்ணின் கதை. அவளுடைய துயரத்தை அக்காள் சொல்லத் தொடங்கும்போது லூஃபி கேட்க மாட்டேன் என்று உலாவப் போய்விடுகிறான். அந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்கும் வந்தது. 37ஆவது எபிசோடு வரை அந்தக் கோபத்தை வைத்திருங்கள். அவள் உதவி கேட்கும்போது, கதை எதுவும் தெரியாமலேயே அவன் எழுகிறான்.

எழுவதற்கு முன், யாரையும் தொடவிடாத தன் வைக்கோல் தொப்பியை அவள் தலையில் வைக்கிறான். அந்த எபிசோடைப் பேரனோடு உட்கார்ந்து பாருங்கள். தொப்பி யார் கொடுத்தது, ஏன் அவனுக்கு அது உயிர் என்று அவனிடமே கேளுங்கள். அன்று இரவுச் சாப்பாடு தாமதமாகும், வீட்டில் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.