மார்பகப் புற்றுநோய் சிலருக்கு மட்டும் அக்குளுக்குப் பரவுவது ஏன்?

அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த நெறிதான் வீங்கிய நிணநீர் முடிச்சு. நிணநீர் என்பது உடல் திசுக்களிலிருந்து வடிகிற திரவம்; மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளில்தான் வடியும். புதுச்சேரியில் தெருச் சாக்கடை பெரிய வாய்க்காலில் போய்ச் சேருகிற மாதிரிதான். வாய்க்கால் முகப்பில் வலை கட்டினால் தெருக் குப்பை முதலில் அதில்தானே சிக்கும்? அந்த வலைதான் நிணநீர் முடிச்சு, குப்பைதான் புற்றுச் செல்கள்.

கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, செல்கள் வேகமாகப் பெருகும் வகையாக இருந்தாலோ, ஒரே மார்பில் பல கட்டிகள் இருந்தாலோ அக்குளுக்குப் பரவும் வாய்ப்பு கூடும், ஆனால் கட்டியின் திசுப் பரிசோதனை அறிக்கையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, கட்டியைச் சுற்றியுள்ள நுண்ணிய நிணநீர், இரத்தக் குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் நுழைந்துவிட்டனவா என்பதைத்தான், ஏனென்றால் குப்பை ஏற்கெனவே சாக்கடையில் இறங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

அப்புறம், அக்குளுக்குப் பரவினாலே நான்காம் நிலை என்று பலர் பயந்துபோகிறார்கள்; அப்படியில்லை, எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் போனால்தான் நான்காம் நிலை.